தாமதமாக ஸ்கேட் கட்டியவர்களின் நன்றி மடல்

அன்புள்ள சாணைக்காரருக்கு, பூட் பொருத்தித் தந்தவருக்கு, கோச்சுகளுக்கு, ஐஸ் தளத்தைச் சீராக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கு, எங்களைச் சுற்றிக்கொண்டு போன சின்னப் பிள்ளைகளுக்கு,

வணக்கம்.

முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்க வந்தவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. ஐஸில் எது தவறினாலும் இந்த வயதுக்காரர்கள் வாயில் முதலில் வருவது "வயசாகிப்போச்சு" என்பதுதான். நீங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிளேடைப் பார்த்தீர்கள், பூட்டைப் பார்த்தீர்கள், முழங்காலைப் பார்த்தீர்கள். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் வயதைப் பற்றிப் பேசினீர்கள். பொத்தாம்பொதுவாக நன்றி சொன்னால் உங்களுக்கே சலிப்பாக இருக்கும் என்பதால், எதெதற்கு என்று பிரித்தே சொல்கிறோம்.

முதலில் சாணைக்காரர். ஸ்கேட் பிளேடைக் கத்தி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அதைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவீர்கள். சுமார் 4 மில்லிமீட்டர் கனம், நடுவே நீளவாக்கில் ஓடும் ஒரு பள்ளம், பள்ளத்தின் இரு கரையிலும் ஒவ்வொரு விளிம்பு. ஸ்கேட்டிங் முழுவதும் அந்த இரண்டு கரைகளின் மேல்தான் நடக்கிறது. பள்ளத்தின் ஆரம் குறையக் குறைய பள்ளம் ஆழமாகும், விளிம்பு ஐஸை இறுகக் கடிக்கும். வளர்ந்தவரின் எடைக்கு விளிம்பு தானாகவே இறங்கும். ஆகவே அரை அங்குல ஆரம் போதும், அதைவிட ஆழம் வேண்டாம் என்பது உங்கள் கட்சி. ஆழமாகப் பிடித்துவிட்டால் பிளேடைப் பக்கவாட்டில் தேய்த்து நிற்கும் ஸ்னோப்ளோ ஸ்டாப்பில் கால் வழுக்காமல் சட்டென்று மாட்டிக்கொள்ளும். ஆள் முன்னால் போய் விழுவார். அதற்கும் பயத்துக்கும் சம்பந்தமில்லை, சாணைக்குத்தான் சம்பந்தம் என்று சொன்னவர் நீங்கள்தான்.

சாணை பிடித்த கையோடு ஒரு நேர்த்தகட்டை இரண்டு விளிம்புகளின் மேலும் குறுக்கே வைத்துக் காட்டுவீர்களே, அதற்குத் தனி நன்றி. தகடு பிளேடுக்குச் செங்குத்தாக உட்கார வேண்டும். ஒரு விளிம்பு மயிரிழை உயர்ந்திருந்தாலும், நேராகப் போகிறோம் என்ற நினைப்பிலேயே கால் ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போகும். மாதக்கணக்கில் பயிற்சி செய்தாலும் அது திருந்தாது. ஹாக்கி பிளேடில் பழகிய சில கைகள் பிளேடின் முன்நுனியில் இருக்கும் பற்களான டோ பிக்கின் அடிப்பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடுவது உண்டு. அந்தப் பல் போனால் ஒரே இடத்தில் சுழலும் ஸ்பின்னில் உடல் நிற்கும் புள்ளி இடம் மாறும், தேய்ந்த எஃகும் திரும்பி வராது. நீங்கள் அதைத் தொட்டதே இல்லை.

நகத்தின் மேல்பக்கத்தை விளிம்பின் மேல் மெதுவாக இழுத்து, பூப்போல நகத்தூள் வந்தால் கூர் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது என்ற சோதனையும் உங்களிடம் கற்றதுதான். ஐஸில் கழித்த 20 முதல் 40 மணிநேரத்துக்கு ஒருமுறை சாணை. துரு? துடைத்த பிளேடு ஐந்து நிமிடத்தில் மறுபடி வேர்க்கும், ஏனென்றால் எஃகு இன்னும் குளிராகவே இருக்கிறது. ஆகவே இரண்டாம் முறையும் துடைத்து, திருகுத் தலைகளையும் துடைத்து, துணி உறை போட வேண்டும். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். அதை மாட்டியபடியே பைக்குள் வைத்தால் ஈரம் உள்ளே அடைந்து, அடுத்த வாரம் விளிம்பில் துரு நிற்கும்.

பூட் பொருத்தித் தந்தவருக்கு. தெருவில் போடும் செருப்பளவு சொன்னவர்களை நம்பாமல் இரண்டு பாதத்தையும் நிற்கவைத்து அளந்தீர்கள். நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னுக்குப் போய் விரல் விடுபட வேண்டும், குதிகால் மட்டும் எழும்பவே கூடாது. குதிகால் எழும்பினால் தோல் உரியும்; அதைவிட மோசம், பூட் ஒரு நொடி தாமதமாகத்தான் காலைக் கேட்கும். அதைத் தடிமனான சாக்ஸ் போட்டுச் சரிசெய்ய நினைத்தவர்களை எல்லாம் மெல்லிய சாக்ஸுக்கு மாற்றினீர்கள்.

கெட்டியான பூட்தான் நல்ல பூட் என்று நினைப்பவர்கள் அதிகம். இரட்டைச் சுழற்சித் தாவலுக்குச் செய்த பூட்டை முதல் வருடத்துக்காரர் போட்டால் கணுக்கால் மடங்காது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் மடங்காது. அதே நேரம் எட்டு வயதுப் பிள்ளையின் பூட்டைப் போல மென்மையானதும் எங்கள் எடைக்குத் தாங்காது, சில மாதத்திலேயே கணுக்காலில் மடிப்பு விழும். நடுவில் ஒன்றைத் தேர்ந்துகொடுத்தீர்கள். நாடா கட்டுவதையும் பிரித்துச் சொன்னீர்கள்: விரல்பக்கம் சற்றுத் தளர்வு, பாதம் கணுக்காலோடு சேரும் வளைவில் இறுக்கம், மேலே கொக்கிகளில் மறுபடி தளர்வு. கட்டி முடித்ததும் பின்பக்கம் காலுக்கும் பூட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி. மேலிருந்து கீழ்வரை ஒரே முறுக்காக முறுக்குகிறவர்களுக்குக் கால் மரத்துப்போகும், பிறகு "ஐஸ் குளிர்" என்பார்கள்.

பிளேடை உடனே எல்லாத் திருகும் போட்டு இறுக்காமல், நீள்துளைகளில் மட்டும் தற்காலிகமாகத் திருகி அனுப்பினீர்கள். நின்று பார்க்கும்போது கணுக்கால் உள்பக்கம் சாய்ந்தால் பிளேடை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்பக்கம் நகர்த்துவீர்கள். அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு முன் "என் கணுக்காலில் பலமில்லை" என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்!

கோச்சுகளே, நீங்கள் முதலில் கற்றுக்கொடுத்தது விழுவதற்கு. நின்றபடி கையைப் பின்னால் ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டு போகும். வளர்ந்தவர்களுக்கு உயரமும் எடையும் கூடுதல் என்பதால் இன்னும் எளிதில் போகும். சமநிலை தவறுவது தெரிந்த உடனே முழங்காலை மடக்கி உட்காரப் போவதுபோல் இறங்கி, பக்கவாட்டில் இடுப்புச் சதையில் விழுந்து, கைகளை நெஞ்சோடு முஷ்டியாக்கிக்கொள்ள வேண்டும். முஷ்டி ஏன் என்றால், பக்கத்தில் போகிறவரின் பிளேடு விரித்த விரல் மேல் ஏறக்கூடாது. எழுவதற்கு நாலு காலில் நின்று, ஒரு காலை முன்னே ஊன்றி, இரண்டு கையையும் அந்த முழங்காலில் அழுத்தி எழ வேண்டும். ஹெல்மெட்டும் இடுப்புப் பஞ்சு வைத்த கால்சட்டையும் அவமானமில்லை என்று நீங்களே போட்டுக்காட்டியதும் உதவியது.

பிறகு அந்தக் கோடு. புதிதாகப் போட்ட ஐஸில் ஒற்றைக் காலில் போகவிட்டு, திரும்பி வந்து குனிந்து பார்க்கச் சொன்னீர்கள். இரண்டு மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் பிளேடு தட்டையாக நிற்கிறது. இரண்டு விளிம்பும் ஐஸில் இருக்கின்றன. ஒரே ஒரு வளைகோடு தெரிந்தால் விளிம்பில் போயிருக்கிறீர்கள். "நான் வெளிவிளிம்பில்தான் போனேன்" என்ற வாதத்துக்கெல்லாம் அங்கேயே தீர்ப்பு. ஒற்றைக் காலில் போகும்போதே முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பும் த்ரீ டர்னுக்கும் இதே வழக்கு. கோடு 3 என்ற எண்ணைப் போல இரண்டு வளைவாக, நடுவில் ஒரு கூர்முனையோடு இருக்க வேண்டும். முனைக்குப் பக்கத்தில் கீறல் இருந்தால் டோ பிக் உரசியிருக்கிறது, எடை ரொம்ப முன்னால் போய்விட்டது. முனை இல்லாமல் வழிந்த தடமாக இருந்தால் தோள் திரும்பாமல் காலைச் சுழற்றியிருக்கிறார். முனை நன்றாக இருந்தும் அடுத்த வளைவு சுருண்டுபோனால், திரும்பியபின் தோளை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்தவில்லை. யாரையும் திட்டாமல் தரையைக் காட்டியே பாடம் நடத்திய உங்களுக்கு எங்கள் வணக்கம்.

வளைவில் ஒரு காலை மற்றதன் மேல் தாண்டி வைத்துப் போகும் கிராஸ்ஓவரில் மேலே தாண்டும் காலைப் பற்றியே எல்லோரும் பேசும்போது, கீழே போகும் காலின் வெளிவிளிம்பு தள்ளலைப் பற்றி நச்சரித்தீர்கள். இன்னும் நச்சரிக்கிறீர்கள். சரிதான்.

பிசியோதெரபிஸ்ட்டுகள் வயதைப் பற்றி நேராகப் பேசினார்கள், அதுவும் அளந்து. சுவரிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளிப் பாதம் வைத்து, குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொடுகிறதா என்று பார்ப்பது அவர்களின் சோதனை. தொடாவிட்டால் முழங்கால் மடக்கம் கிடைக்காது. முதலில் கெண்டைக்கால் தசையை நீட்டிவிட்டு வரச் சொன்னார்கள். நன்றி.

ஐஸ் வண்டிக்காரருக்கு: வண்டி மேல்தோலைச் சீவி, கழுவி, வெந்நீரை மெல்லிய படலமாக விரிப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெந்நீர் ஏன் என்று கேட்டதற்குச் சலிக்காமல் சொன்னீர்கள்: அது பழைய ஐஸின் மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கி ஒட்டும், காற்றுக்குமிழும் குறையும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மைனஸ் 3, 4 டிகிரி செல்சியஸ் போதும். ஹாக்கிக்கு அதைவிடக் குளிர்ந்த, கெட்டியான ஐஸ். ஹாக்கி நேரத்துக்குப் பின்னால் வரும் எங்கள் வகுப்புக்காக வெப்பநிலையைச் சற்று ஏற்றிவைத்தீர்கள் அல்லவா, டோ பிக் ஊன்றியபோது ஐஸ் சில்லு தெறிக்காமல் இருந்ததில் அது தெரிந்தது.

சின்னப் பிள்ளைகளே, யாருடைய ஆட்டத்துக்கு இசை ஓடுகிறதோ அவருக்குத்தான் முதல் வழி, பின்னோக்கி வருகிறவருக்கு நாம் தெரிவதில்லை, லட்ஸ் என்ற தாவலைத் தாவும் மூலையில் நின்று நாடா கட்டக்கூடாது என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். "ஆன்ட்டி, ஓரம்!" என்ற ஒரே சொல்லில்.

வளர்ந்தவர்களுக்கென்று போட்டி வைத்தவர்களையும் மறக்கவில்லை. அமெரிக்காவில் 1995-இல் தேசியப் போட்டி தொடங்கினார்கள். 2005 முதல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் போட்டியும் வந்தது. ஒரு குறிப்பிட்ட வயதுக்குக் கீழே இருந்தால் அங்கே இடமில்லை என்பது, தாமதமாக வந்தவர்களுக்கு இனிப்பான விதி.

சாணைக்காரரே, கடைசியாக உங்களுக்கே ஒரு வார்த்தை. மணிநேரக் கணக்கைக் குறித்துவைத்திருக்கிறோம். சிலருக்கு 38 ஆகிவிட்டது. இந்த வாரம் வருகிறோம். பிளேடைத் துடைத்துத்தான் கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
தாமதமாக வந்தவர்கள்