கரும்பலகையால் இயலாததைத் திரை செய்யட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டால் கற்பித்தல் தானாகவே மேம்பட்டுவிடும் என்ற எண்ணம் அதில் இழையோடியிருந்ததால், கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பாடநூலின் பக்கத்தை அப்படியே திரையில் காட்டி வரி வரியாக வாசித்துச் செல்வதால் கற்பித்தலில் எந்த மாற்றமும் வந்துவிடாது. கரும்பலகையில் எழுதும்போதாவது ஆசிரியரின் கையோடு சேர்ந்து மாணவரின் சிந்தனையும் நகரும். திரையிலோ முழுத் தீர்வும் ஒரே நொடியில் வந்துவிட, அது எப்படி வந்தது என்று யோசிக்காமலே மாணவர்கள் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள்.

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தை எடுத்துக்கொள்வோம்: விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மீதுள்ள ஒரு புள்ளியோடு இணைத்து முக்கோணம் வரைந்தால், அந்தப் புள்ளியில் அமையும் கோணம் 90 பாகை. பலகையில் ஓரிரு படங்களுக்கு மேல் வரைய நேரமிருக்காது. தேற்றம் அந்தப் படத்துக்கு மட்டுமே உரியது என்பதுபோல் மாணவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா மென்பொருளில் அந்தப் புள்ளியைப் பிடித்து வட்டத்தின் மீது இழுத்துச் சென்றால், முக்கோணத்தின் வடிவம் மாறிக்கொண்டே இருக்க, கோணம் மட்டும் 90 பாகையிலேயே நிற்கும். "ஏன் மாறவே இல்லை?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. அதன் பிறகே சாக்பீஸை எடுத்து, வட்ட மையத்தை அந்தப் புள்ளியோடு இணைத்து, கிடைக்கும் இரண்டு இருசமபக்க முக்கோணங்களைக் கொண்டு நிரூபணத்தைப் பலகையில் படிப்படியாக எழுதுவேன். மாணவர்களே கேட்டு வாங்கும் நிரூபணத்தை அவர்கள் எளிதில் மறப்பதில்லை.

யாருக்குப் புரியவில்லை என்பதை அறியவும் தொழில்நுட்பம் பெரிதும் உதவும். "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தலையாட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரவலாக்கிய முறையில், ஒரு கேள்விக்கு ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறக்குறைய 30 முதல் 70 விழுக்காட்டினர் மட்டும் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மீண்டும் விடையளிக்க வேண்டும். (எழுத்து அட்டைகளை உயர்த்திக் காட்டியும் இதை நடத்தலாம்.) விடையைப் பதிவு செய்யும் மின்னணுக் கருவி இருந்தால் யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கணக்கு உடனே கிடைக்கிறது, வாய் திறக்கவே தயங்கும் மாணவரும் பெயர் வெளியே தெரியாமல் விடையளிக்கிறார், எந்தத் தவறு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பார்த்து மறுநாள் பாடத்தைத் திட்டமிட முடிகிறது.

கருவிகளை வாங்குவதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைப்பது கவலையளிக்கிறது. பெருவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கற்பித்தல் முறையோடு இணைக்கப்படாமல் வழங்கப்பட்டதால் கற்றல் மேம்படவில்லை என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை குறிப்பிடுகிறது. நான் மேலே சொன்ன வட்டப் பாடத்தையே முதன்முறை தயாரிக்க ஒரு மாலைப் பொழுது தேவைப்படும். அந்த நேரத்தையும் அதற்கான பயிற்சியையும் ஆசிரியருக்குத் தராமல் திரையை மட்டும் மாட்டிவிட்டுப் போவது நியாயமில்லை.

எனவே, கருவிகளின் எண்ணிக்கையையும் விலையையும் பற்றிய செய்திகளோடு, ஒரு குறிப்பிட்ட பாடம் வகுப்பில் எப்படி நடந்தது, மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று ஆசிரியர்களே விரிவாக எழுதும் பகுதிக்கும் தங்கள் இதழில் இடம் ஒதுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்