காலுறையில் ரத்தம் பார்த்தவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் ஊர் மக்களுக்கும் தோட்டத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

என் மகளைப் பற்றி ஊரில் பல விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நானே சொல்லிவிடுகிறேன். 13 வயதுப் பிள்ளைக்கு உள்ளங்காலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். இப்போது நன்றாக இருக்கிறாள்.

முதல் நன்றி விளையாட்டு ஆசிரியைக்கு. ஓடி முடித்து அவள் காலுறையைக் கழற்றியபோது குதிகால் பக்கம் வட்டமாக ரத்தக் கறை. "போன வாரமும் இதே இடத்தில் பார்த்தேன்" என்று எனக்குப் போன் செய்தார். அங்கே துவரம்பருப்பு அளவில் ஒரு ரோஸ் கட்டி இருந்தது எனக்கும் தெரியும். ஒரு கிளினிக்கில் மரு என்று சொல்லி மூன்று முறை சுட்டிருந்தார்கள். மறுபடி மறுபடி வந்தது. கறுப்பாக இருந்தால்தானே பயப்பட வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

அப்புறம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்த எங்கள் டிரசர் தாத்தா. தோட்டத்து ஆஸ்பத்திரி மூடி எத்தனையோ வருடமாகியும் லயத்துச் சனம் அவரிடம்தான் போகும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "இனி இதைச் சுட விடாதம்மா. வெட்டி எடுத்து லேப்புக்கு அனுப்பச் சொல்லு" என்றார்.

ஈப்போ தோல் டாக்டர் பொறுமையாக விளக்கினார். கோணலான ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் என்று பெரியவர்களுக்குச் சொல்லும் அடையாளங்கள் பிள்ளைகளிடம் பல நேரம் இருக்காதாம். ரோஸாகவோ தோல் நிறத்திலோ, மேடாக, ரத்தம் கசிந்து, புதிதாக முளைத்திருக்கும். மரு என்று நினைப்பதும் அதனால்தான். அந்தக் கிளினிக் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கியது. மீதிப் பாதி இருக்கிறது, மறைப்பானேன்.

"நம்ம கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராதே" என்றார் கூட வந்த என் அத்தை. வருவது குறைவுதான், ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி மாதிரி வெயில் படாத இடங்களில்தான் அதிகம் என்றார் டாக்டர். என் மூத்தவன் போட்டுத் திரியும் பனியனில் இருக்கும் ஜமைக்கா பாடகர் பாப் மார்லி, கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இதே நோயால் 1981இல் 36 வயதில் இறந்தவராம்.

நான் முகம் பார்க்காத ஒருவருக்கும் நன்றி. வெட்டிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்த நிபுணர். ஸ்பிட்ஸ் மச்சம் என்று பிள்ளைகளுக்கு வரும் தீங்கில்லாத கட்டியும் இதுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்குமாம். அவர் அவசரப்படாமல் இன்னொரு நிபுணரிடமும் காட்டினார். அந்த மூன்று வாரம் வீட்டில் யாரும் தூங்கவில்லை. மெலனோமாதான், தோலுக்குள் போயிருந்த ஆழம் 1.1 மில்லிமீட்டர் என்று பதில் வந்தது. சுற்றிலும் இன்னும் 1 சென்டிமீட்டர் எடுத்தார்கள். காலிலிருந்து நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் தொடை இடுக்கு நிணநீர்க் கணுவையும் எடுத்துச் சோதித்தார்கள். பரவவில்லை.

சீட்டுப் பணத்தைத் தங்கள் முறையை விட்டுக்கொடுத்து எனக்கு முதலில் தந்த அக்காமார்களே, உங்களை மறக்க மாட்டேன்.

மகள் மறுபடி திடலுக்குப் போகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஈப்போவில் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணே, அடுத்த செவ்வாய்க்கிழமை வேன் சும்மா இருக்குமா? இந்த முறையாவது எண்ணெய்க் காசு வாங்கிக்கொள்ளுங்கள்.