அந்த இரண்டு வரிகளைத் திருத்துங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்கு நடுவே, ரம்மில் காபியும் சர்க்கரைப் பாகும் சேர்த்த இனிப்பு மதுவான காபி லிக்கரை வீட்டில் செய்வது பற்றி ஒரு செய்முறை வந்திருந்தது. நான் 1988-இல் கல்யாணமாகிப் பெரம்பூருக்கு வந்தவள். அந்த வருடம் தொடங்கி ஒவ்வொரு நவம்பரிலும் அதை என் சமையலறையில் செய்துவருகிறேன். அதனால் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆசையாகப் படித்தேன். படித்து முடித்ததும் கவலையாகிவிட்டது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தும் மனம் ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

அதில் இரண்டு வரிகள் ஆபத்தானவை. ரம் கிடைக்காதவர்கள் ஸ்பிரிட்டில் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. பாகு கொதிக்கும்போதே ரம்மை ஊற்றிச் சிறுதீயில் கிளற வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் நீங்கள் திருத்தி வெளியிட வேண்டும்.

வெறுமனே ஸ்பிரிட் என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் யார் எதை எடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊசி போடும் இடத்தைத் துடைக்க மருந்துக்கடையில் விற்பதும் ஸ்பிரிட்தான். பாலிஷ் வேலைக்காரர் அரக்கைக் கரைக்க வாங்குவதும் ஸ்பிரிட்தான். இவை குடிப்பதற்கு இல்லை. யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இவற்றில் பலவற்றில் மெத்தனால் போன்ற நஞ்சைச் சேர்க்கிறார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் முதலில் ஃபார்மால்டிஹைடாக மாறும், பிறகு ஃபார்மிக் அமிலமாகும். அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்தவருக்கு அப்போதே ஒன்றும் தெரியாது. பாதி நாள், சில சமயம் ஒரு நாள் முழுக்கக் கழிந்த பிறகுதான் வாந்தி, வயிற்றுவலி, கண்ணுக்கு முன்னால் பனி மூடியது போன்ற மங்கல் எல்லாம் வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவின் தம்பி வியாசர்பாடியில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் வேலை பார்த்தார். எனக்கு அப்போது 10 வயது. ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, பட்டறையில் இருந்த ஸ்பிரிட்டில் கலர் சோடாவைக் கலந்து நாலு பேராகக் குடித்திருக்கிறார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எனக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வாசலிலிருந்து கூடம் வரைக்கும் வெயில் விழுந்துகிடக்கிறது. "அக்கா, ஏன் இன்னும் விளக்கு போடல?" என்று அம்மாவைக் கேட்டார். ரிக்ஷாவில் ஏற்றி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். மாமாவுக்கு அப்போது 27 வயது.

பழைய கதைதானே என்று யாரும் சொல்ல முடியாது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்த விஷச்சாராயச் சாவுகளை உங்கள் நாளிதழே முதல் பக்கத்தில் போட்டது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் காரணம் மெத்தனால்தான். காபி விஷயத்தில் இன்னொரு பயமும் உண்டு. காபியின் கசப்பும் அவ்வளவு சர்க்கரையும் சேர்ந்தால் எந்தக் கெட்ட வாடையும் அமுங்கிப்போகும். நாக்கு எச்சரிக்காது. கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள், அதுவும் தவறு. சீல் உடையாத ரம் பாட்டில் கையில் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் அந்த வருடம் செய்யாமல் விட்டுவிடலாம், கேக் மட்டும் போதும்.

அப்புறம் நெருப்பு. ரம்மில் சாராயத்தின் அளவு 42.8 விழுக்காடு என்று லேபிளிலேயே இருக்கும். அந்த அளவில் இருப்பதன் ஆவி 26 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடியது. நம் ஊரில் மார்கழியிலும் அடுப்படிச் சூடு அதற்கு மேல்தான் இருக்கும். எரியும் அடுப்பில் கொதிக்கிற பாகுக்குள் அதைக் கொட்டச் சொல்லலாமா? 1990-இல் அவசரத்தில் நானே அப்படிச் செய்தேன். தீ கரண்டி வழியாக ஏறி என் புடவைத் தலைப்பைப் பிடித்தது. வீட்டுக்காரர் ஈரச்சாக்கைப் போட்டு அணைத்தார். இடது மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. எரியாமல் தப்பித்தாலும் பயனில்லை, 78 டிகிரியில் சாராயம் ஆவியாகிக் காசு கொடுத்து வாங்கியது காற்றோடு போய்விடும்.

குறை மட்டும் சொல்லி நிறுத்தினால் முறையாகாது. சரியாகச் செய்வது எப்படி என்றும் எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அடுத்த வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. அவருடைய கணவர் ரயில்வேயில் இன்ஜின் டிரைவர். லோகோ, கேரேஜ் என்று இரண்டு ஒர்க்‌ஷாப்பும் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப்பும் இருக்கும் ஊர் இது, எங்கள் தெருவில் பாதி வீடு ரயில்வேக் குடும்பம். டிசம்பர் வந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு மணம் வரும். கல்கல் பலகாரம் பொரிக்கிற எண்ணெய், இஞ்சி ஒயின், கேக்குக்கு ரம்மில் ஊறும் திராட்சை. ஆன்ட்டி வீட்டு மணம் காபி. அவர் அதைக் காபி கார்டியல் என்பார். ஒரு பெரிய பித்தளை ஃபில்டர் வைத்திருந்தார். 1996-இல் மகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போதும் அதில்தான் டிகாக்‌ஷன் இறக்குகிறேன்.

முதலில் தூள். உங்கள் செய்முறையில் இன்ஸ்டன்ட் காபி என்று போட்டிருந்தது. செய்யலாம், ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் ருசி தட்டையாக இருக்கும். ஃபில்டர் காபி மணக்கும் ஊரில் இருந்துகொண்டு அதை ஏன் செய்ய வேண்டும்? கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்கு நேரில் போங்கள். கொட்டையில் பீபெரி ரகம் பாதி, பிளாண்டேஷன் ஏ ரகம் பாதி, சிக்கரி வேண்டவே வேண்டாம் என்று சொல்லி 100 கிராம் அரைத்து வாங்குங்கள். தினமும் குடிக்கிற காபிக்கு எனக்கும் சிக்கரி பிடிக்கும், அது வேறு. பாக்கெட் தூளில் சட்டப்படி 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கலாம், பாக்கெட்டின் மேல் அளவு போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் ரம் சேர்ந்தால் கலங்கிப்போய் அடியில் கோந்து மாதிரி வண்டல் இறங்கும். இரண்டு வருடம் நான் அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

100 கிராம் தூளையும் ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் போட்டு, ஃபில்டரோடு வரும் காம்பு வைத்த தட்டான குடையால் லேசாக அமுக்குங்கள். இறுக்கக் கூடாது, இறுக்கினால் விடிய விடியச் சொட்டாது. ஃபில்டர் சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாகப் போடலாம். கொதித்து அடங்கிய தண்ணீர் அரை லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், தூள் குடித்தது போக 300 மில்லி அளவுக்குக் கெட்டியான டிகாக்‌ஷன் இறங்கும். அந்த முதல் டிகாக்‌ஷன் மட்டும் போதும். இரண்டாவதாக ஊற்றி இறக்குவதைச் சேர்த்தால் கசப்புதான் ஏறும்.

400 கிராம் சர்க்கரையை 250 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். பாகு பதம் பார்க்க வேண்டியதில்லை, சர்க்கரை கரைந்தால் சரி. ஆன்ட்டி அதில் ஒரு கைப்பிடி சர்க்கரையை மட்டும் தனியாகக் கருக்கிச் சேர்ப்பார், நிறத்துக்கும் ஒரு கருகல் மணத்துக்கும். நான் அதைச் செய்வதில்லை, காபியின் மணமே எனக்குப் போதும். பாகையும் டிகாக்‌ஷனையும் கலந்து மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது. நான் ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். மறுநாள் காலையில் அடுப்பை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடி, சாமி விளக்கு எரிந்தால் அது அணையும்வரை காத்திருந்து, 750 மில்லி ரம் ஒரு ஃபுல்லை அதில் ஊற்றுவேன். வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன். அவ்வளவுதான்.

எல்லாம் சேர்ந்து ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். கணக்குப் போட்டால் சாராயம் 20 விழுக்காட்டுக்கு அருகில் நிற்கும். மெக்சிகோவின் வெராகுரூஸில் 1936-இல் தொடங்கி உலகம் முழுக்கப் போன கலுவா என்ற காபி மதுவும் சில வருடம் முன்புவரை கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இருந்தது. அதிலும் ரம், காபி, சர்க்கரைதான். நீங்கள் அச்சிட்ட லிக்கர் என்ற சொல் பொதுவாக எல்லாச் சாராயத்துக்கும் வரும், இந்த இனிப்பு வகைக்கு லிக்யூர் என்று பெயர். அதையும் சேர்த்துத் திருத்திவிட்டால் நல்லது.

கண்ணாடிப் பாட்டிலில்தான் ஊற்ற வேண்டும். என்னிடம் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டில்கள் இருக்கின்றன, வாய் அகலம் என்பதால் கழுவிக் காயவைப்பது எளிது. பிளாஸ்டிக்கோ அலுமினியமோ கூடாது. வெளிச்சம் படாத இடத்தில் மூன்று வாரம் இருக்கட்டும். முதல் நாள் ருசித்தால் ரம் தனியாகக் காறும், காபி தனியாகக் கசக்கும். மூன்றாவது வாரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும், நாக்கில் கடைசிவரை காபி நிற்கும். அப்போது மல் துணியை நான்காக மடித்து வடிகட்டிச் சின்னப் பாட்டில்களில் ஊற்றினால் கிறிஸ்துமஸுக்குத் தயார். வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு ஸ்பூன் விட்டால் அப்படி இருக்கும். பெரியவர்களுக்குச் சின்னக் கிளாஸில் 30 மில்லி, அதற்கு மேல் நான் யாருக்கும் ஊற்றுவதில்லை. பால் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் குடிக்கும்போது கிளாஸில் சேர்த்துக்கொள்ளட்டும், பாட்டிலில் சேர்த்தால் கெட்டுப்போகும்.

உங்கள் செய்முறையில் இல்லாத ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன். பார்வைக்கு இது அசல் டிகாக்‌ஷன். நாலு வருடம் முன்பு ஃப்ரிட்ஜில் டிகாக்‌ஷன் பாட்டிலுக்குப் பக்கத்தில் இதை வைத்திருந்தேன். என் பேத்திக்கு 6 வயது, தானே காபி போடுகிறேன் என்று பாலில் இதை ஊற்றிக்கொண்டாள். வாயில் வைப்பதற்குள் மருமகள் மணத்தை வைத்துக் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். அன்று முதல் எல்லாப் பாட்டில் கழுத்திலும் சிவப்பு ரிப்பன் கட்டி, மேலே மது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, பீரோவில் பூட்டி வைக்கிறேன். தெருவில் யாருக்குக் கொடுத்தாலும் ரிப்பனோடுதான் கொடுக்கிறேன். விலைக்குக் கேட்டவர்கள் உண்டு, ஒரு சொட்டுகூட விற்றதில்லை. உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம், வீட்டில் சாராயம் காய்ச்சுவதும் குற்றம். கடையில் வாங்கிய ரம்மில் காபியைச் சேர்த்து ஊறவைக்கிறேன், காய்ச்சுவதோ வடிப்பதோ என் வீட்டில் கிடையாது. என் வீட்டுக்காரர் குடிக்காதவர். வருடத்தில் ஒரு நாள் எனக்காக டாஸ்மாக் வரிசையில் நின்று அந்த ஒரு பாட்டிலை வாங்கி வருகிறார்.

அய்யா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு செய்யப்போகிறவர்கள் இந்த வாரமே செய்வார்கள். தயவுசெய்து வரும் ஞாயிறு இணைப்பில், செய்முறை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். ஸ்பிரிட் கூடவே கூடாது, ரம்மை அடுப்பருகில் ஊற்றக் கூடாது என்ற இரண்டு வரி போதும். இடம் மிச்சமிருந்தால், ஏற்கெனவே யாராவது ஸ்பிரிட்டில் செய்து குடித்திருந்தால் கண் மங்கும்வரை காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், எதைக் குடித்தோம் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை 11.