பொதுக் கணினிகளில் கர்சர் அமைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியில் கர்சரின், அதாவது மவுஸை நகர்த்தும்போது திரையில் நகரும் அம்புக்குறியின், தோற்றத்தை மாற்றுவதைச் சிறுவர்களின் பொழுதுபோக்காகவே பலரும் நினைக்கின்றனர். ஆனால், வெள்ளைப் பக்கத்தின் மேல் வெள்ளை அம்புக்குறியைத் தேடித் தேடி மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கும் முதியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு, அது கண்பார்வை சார்ந்த தேவையாகவே படுகிறது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் உள்ள ஆக்சஸிபிலிட்டி பகுதியில், அம்புக்குறியின் அளவை 1 முதல் 15 வரை கூட்டலாம். அதன் நிறத்தையும் மாற்றலாம். அங்குள்ளவற்றில், வெளிர்ப் பின்னணியில் கறுப்பாகவும் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகவும் தானே மாறிக்கொள்ளும் வகையே முதியவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. தட்டச்சு செய்யும் இடத்தில் மினுக்கும் மெல்லிய கோட்டுக்கு இது பொருந்தாது. 'டெக்ஸ்ட் கர்சர்' என்னும் தனிப் பக்கத்தில் அதைத் தடிமனாக்கி, மேலும் கீழும் வண்ணக் குறிகள் தோன்றும்படி செய்துகொள்ளலாம்.

இவ்வளவும் கணினியிலேயே இருக்க, இணையத்திலிருந்து பூனையும் வாளுமாகக் கர்சர்களைத் தரவிறக்குவோர் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விண்டோஸ் கர்சர் தொகுப்புக்குச் சி.யு.ஆர்., ஏ.என்.ஐ. என்னும் படக் கோப்புகளும், அவற்றை நிறுவ ஒரு சிறிய ஐ.என்.எஃப். கோப்புமே போதும் என்பதால், திறந்ததும் நிரலாக இயங்கும் இ.எக்ஸ்.இ. கோப்பாக வருவதைத் திறக்காமலிருப்பதே நல்லது. மேலும், படத்தின் எந்தப் புள்ளியில் க்ளிக் விழ வேண்டும் என்பது ஒவ்வொரு கர்சர் கோப்பிலும் குறிக்கப்பட்டிருக்கும். அம்புக்கு அது அதன் நுனி. அரைகுறையாகச் செய்யப்பட்ட பூனைப் படத்தில் அந்தப் புள்ளி காதிலோ வாலிலோ இருந்துவிட்டால், 'ரத்து' என்று நினைத்து அழுத்தியது பக்கத்திலுள்ள 'சமர்ப்பி'யில் போய் விழும். வீட்டில் விளையாடும் பிள்ளைக்கு இது வேடிக்கை. பணம் அனுப்புபவருக்கு அப்படியல்ல.

நூலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் பொதுமக்கள் தாமே பயன்படுத்தும் கணினிகளில், பொறுப்பாளர்கள் பெரிய, நிறம் மாறும் கர்சரை அமைத்துவைக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்த அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியானது என்பதால், மக்கள் பயன்படுத்தும் கணக்கில் நுழைந்தே இதைச் செய்ய வேண்டும். கன்ட்ரோல் பேனலில் மவுஸுக்கான பாயின்டர்ஸ் பக்கத்தில், தீம்கள் (திரையின் மொத்தத் தோற்றத்தை மாற்றும் தொகுப்புகள்) கர்சரை மாற்ற இசைவளிக்கும் டிக்கையும் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் யாராவது புதிய தீம் ஒன்றைப் போடும்போது பழைய சிறிய அம்பு திரும்பிவிடக்கூடும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சி.