ஃபில்டர்களின் வரிசையையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெப் ஏபிஐ (செயலிகள் இணையம் வழியாகச் சர்வரிடம் தகவல் கேட்டுப் பெறும் வழி) பற்றி வந்த கட்டுரையை, தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் என்னிடம் ஜாவா படிக்க வரும் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டினார்கள். சர்வருக்கு வரும் கோரிக்கையில் அடையாளம் பார்க்க ஒன்று, அனுமதி பார்க்க ஒன்று, பதிவு செய்ய ஒன்று என ஃபில்டர்களை, அதாவது கோரிக்கையை வழியில் நிறுத்திச் சோதிக்கும் சிறு நிரல்களை, தனித்தனியே எழுதும் முறை அதில் தெளிவாகவே இருந்தது. ஆனால் அவற்றுள் எது முதலில் ஓடும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. படிக்கும் பிள்ளைகள், எழுதிய வரிசையிலேயே அவை ஓடும் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, காசிமேடு மீன் வியாபாரிகள் ஐஸ் சொல்லிவைப்பதற்கான செயலி ஒன்றுக்கு ஏபிஐ எழுதிக் கொடுத்தேன். டோக்கனை (கோரிக்கையோடு வரும் அடையாளச் சீட்டை) பார்த்து ஆளை அறியும் ஃபில்டர் ஒன்றும், ஒருவர் நிமிடத்துக்கு 60 கோரிக்கைகளுக்கு மேல் அனுப்பாதபடி எண்ணும் ஃபில்டர் ஒன்றும் அதில் இருந்தன. என் மடிக்கணினியில் முதலில் அடையாளமும் பிறகு எண்ணிக்கையும் ஓடின. சர்வரில் அது தலைகீழாகிவிட்டது. ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே எண்ணியதால், பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்து, எல்லோருடைய கோரிக்கைகளும் ஒரே கணக்கில் விழுந்தன. விடியற்காலை ஏலம் சூடுபிடித்த நேரத்தில் அந்த 60 கோரிக்கைகளின் வரம்பு நொடிப்பொழுதில் தீர்ந்துபோய், ஐஸ் கேட்டவர்களுக்கெல்லாம் 429 என்ற மறுப்பே (அளவுக்கு மீறிய கோரிக்கைகள் என்பதற்கான எண்) திரும்பிச் சென்றது. மீன் கூடையைக் கீழே இறக்கிவைத்த ஓர் அம்மா, ஈரக் கையோடு கைபேசியை என்னிடம் நீட்டி, "ஒரு வாட்டிதாம்பா அமுக்குனேன்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை.

ஃபில்டரை அறிவிக்க ஜாவா நிரலிலேயே எழுதும் வெப்ஃபில்டர் என்னும் அனோட்டேஷனை (குறிப்பை) மட்டும் நம்பியதே காரணம். வரிசையைக் குறிக்க அதில் இடமே கிடையாது. சர்வ்லெட்டுகளுக்கான (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்களுக்கான) விதிமுறையும் அதற்கு உறுதி தருவதில்லை. அதே ஃபில்டர்களை வெப் எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் மேப்பிங்காக (எந்தக் கோரிக்கைக்கு எந்த ஃபில்டர் என்ற பட்டியலாக) எழுதியிருந்தால், கோரிக்கையின் முகவரியை (யுஆர்எல்) கொண்டு பொருந்துபவை எழுதிய வரிசையிலும், சர்வ்லெட் பெயரைக் கொண்டு பொருந்துபவை அவற்றுக்குப் பின்னும் ஓடியிருக்கும். ஜாவாவில் வெப் நிரல் எழுத உதவும் ஸ்பிரிங்கில் ஆர்டர் எண் உண்டு. ஜாவாவில் வெப் ஏபிஐ எழுதுவதற்கான ஜாக்ஸ்-ஆர்எஸ் முறையில் பிரயாரிட்டி எண் உண்டு: அடையாளத்துக்கு 1000, அனுமதிக்கு 2000, எதுவும் சொல்லாவிட்டால் 5000. இரண்டிலும் சிறிய எண்ணே முந்தும். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் கோரிலும் அப்படியே. அங்கே எண் கொடுக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபில்டர், கன்ட்ரோலருக்கு (கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸுக்கு) உரியது, அதனுள் உள்ள ஓர் ஆக்‌ஷனுக்கு (மெத்தடுக்கு) உரியது என்ற அடுக்கின்படி ஓடும்.

மாணவர்கள் தடுமாறும் இடம் திரும்பும் வழிதான். கோரிக்கை உள்ளே போன வரிசைக்கு நேர் எதிராகப் பதில் வெளியே வருவதால், முதலில் நுழைந்த ஃபில்டரே கடைசியாகப் பதிலைப் பார்க்கிறது. பதிவு செய்யும் ஃபில்டரை அடையாளத்துக்குப் பின்னால், உள்ளே வைத்தால், வாசலிலேயே மறுக்கப்பட்ட கோரிக்கைகள் பதிவேட்டில் ஏறவே மாட்டா. ஆகவே பதிவு எல்லாவற்றுக்கும் வெளியே, முதல் ஆளாக நிற்க வேண்டும். எண்ணிக்கையையும் எப்போதும் அடையாளத்துக்குப் பின் வைத்துவிட முடியாது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயல்பவர்களைத் தடுக்க, கோரிக்கை வரும் ஐபி முகவரியை வைத்து எண்ணும் தனி ஃபில்டர் அடையாளத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த கட்டுரையில் ஃபில்டர்களின் வரிசையைப் பற்றித் தனியாக எழுதுமாறும், டோக்கன் இல்லாத கோரிக்கைக்கு 429 வராமல் 401 (அடையாளம் இல்லை என்ற மறுப்பு) வருகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல் ஒன்றையும் அத்துடன் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.