நன்றி நவிலல்: ஏரிகளைச் சுற்றி நடந்த அம்மம்மாவுக்கும் கூட நடந்தவர்களுக்கும்

எங்கள் வழக்கப்படி ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் நன்றி நவிலலை வீட்டுக்காரர்தான் போடுவார்கள். மலர்வளையம் வைத்தவர், சமைத்துக் கொண்டுவந்து தந்தவர், தொலைபேசியில் துயர் பகிர்ந்தவர் என்று ஒருவரையும் விடாமல் எழுதி, யாரையாவது மறந்திருந்தால் மன்னிக்கும்படி கேட்டு முடிப்பார்கள். தண்ணீரைக் காக்கச் சொல்லி ஏரிகளைச் சுற்றி நடந்த கனடியப் பழங்குடி மூதாட்டி ஜோசப்பின் மண்டமின் 2019 பெப்ரவரியில் கண்மூடினார். நான் அவருக்கு உறவில்லை. முகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து, உரிமையில்லாத ஒருத்தி, கடன்பட்டவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

தண்ணீர்க் கடன். கனடாவின் ஸ்காபரோவில் என் வீட்டுக் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரி. 2006 வசந்தத்தில் அந்த ஏரியைச் செப்பு வாளியோடு அவர் சுற்றி நடந்தபோது நான் இதே ஊரில் பதின்மூன்றாம் மாடியில் இருந்தேன். இருபத்துநான்கு போத்தல் கொண்ட தண்ணீர்க் கட்டுகளை மின்தூக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கிணற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்தவளுக்கு ஏரியை நம்ப மனமில்லை. அந்த நடை பற்றி அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சனிக்கிழமை மேலதிக வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆகவே முதல் நன்றி, முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்த அக்காவுக்கு. பெயர் போட்டால் கோபிப்பார். மனிட்டோலின் தீவில் பிறந்த ஓஜிப்வே பழங்குடிப் பெண். ஒருநாள் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், சாமித் தட்டில் இருந்த செம்பைக் கண்டதும் கறியை மறந்துவிட்டார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கி, வாயோரம் நசுங்கியிருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்றார். செம்பு என்றேன். இந்த உலோகத்துக்கு? அதுவும் செம்புதான். சிரித்துவிட்டார். எங்கள் அம்மம்மா ஒருவரும் தண்ணீரை இதில்தான் கொண்டுபோனார் என்று சொல்லத் தொடங்கினார். சோறு ஆறிப்போனது.

மிச்சக் கதையைக் கேட்க ஒரு முறை உண்டாம். மூத்தவர்களிடம் ஒன்றை அறிய வேண்டுமானால் புகையிலை கொடுத்துத்தான் கேட்க வேண்டும். வெற்றிலை வைத்து அழைக்காத கலியாணத்துக்குப் போகாத குடும்பத்தில் பிறந்தவள் நான், விளக்கம் தேவைப்படவில்லை. அதிலும் புகையிலை! எங்கள் அப்பா தோட்டத்தில் நட்டதே அதைத்தான்.

ஜோசப்பின் 1942இல் அதே தீவின் விக்குவெமிகொங்கில் பிறந்தவர். மருந்தறிவையும் சடங்குகளையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மிடேவிவின் மரபில் ஊறியவர். தண்டர் பே நகரில், வீட்டில் அடிபட்டு ஓடிவரும் பழங்குடிப் பெண்களுக்கான புகலிடத்தை நடத்தினார். அந்த இல்லத்தின் பெயர் பீன்டிகன். அவர்கள் மொழியில் ‘உள்ளே வாருங்கள்’ என்று பொருள். ஒரு புகலிடத்தின் வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

எட்வர்ட் பென்ரன்-பனாய் என்ற ஓஜிப்வே பெரியவர், இன்னும் முப்பது ஆண்டுகளில் ஒரு அவுன்ஸ் தண்ணீர் ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலைக்கு வந்துவிடும், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாராம். கேட்டுவைத்ததற்காக அவருக்கும் நன்றி. அந்தக் கேள்வி பலர் காதில் விழுந்தது. எழுந்து நடந்தவர் இவர். 2003இல், 61 வயதில், தங்கை மெல்வினா ஃபிளமண்டையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு சுப்பீரியர் ஏரியைச் சுற்றினார். அடுத்தடுத்த வசந்தங்களில் மிச்சிகன், ஹியூரன், ஒன்ராறியோ, ஈரி. 2011இல் பசிபிக், அத்திலாந்திக், மெக்சிகோ வளைகுடா, ஹட்சன் விரிகுடா என நான்கு திசைகளிலிருந்தும் நீர் எடுத்து நடந்து வந்தவர்கள் விஸ்கொன்சினில் சுப்பீரியர் கரையில் ஒன்றுகூடி அதை ஏரியில் ஊற்றினார்கள். 2017இல் மினசோட்டாவின் டுலூத்திலிருந்து கியூபெக்கின் மட்டான் வரை நடந்தபோது அவருக்கு 75 வயது. எல்லாம் சேர்த்தால் சுமார் 25,000 கிலோமீற்றர் என்கிறார்கள்.

விடியுமுன் தொடங்குவார்கள். உயிரை நீரில் வைத்துச் சுமப்பவர்கள் என்பதால் வாளியைப் பெண்கள்தான் தூக்க வேண்டும். கழுகிறகு கட்டிய சடங்குத் தடி ஏந்தி ஆண்கள் பக்கத்தில் வருவார்கள். ஓடும் ஆறு நிற்பதில்லை, ஆகவே அன்றைய நடை முடியும்வரை வாளியும் நிற்கக் கூடாது. கை மாறும்போதும் கால் ஓயாது. வழியில் ஓடையைக் கடந்தால் புகையிலை தூவிக் கும்பிடுவார்கள். வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் பிராணிக்கும் அதே மரியாதை. குடம் சுமந்தவர்களுக்கு இதிலுள்ள கஷ்டம் தெரியும். குடத்தை இடுப்பில் வைக்கலாம், தலையில் வைக்கலாம். வாளி கையில்தான் தொங்கும். முதலில் விரல்கள் மரத்துப்போகும், பிறகு தோள்மூட்டு.

சுப்பீரியரின் வடகரையில் போகும் 17ஆம் நெடுஞ்சாலையை ஒருமுறை பஸ்சில் கடந்திருக்கிறேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு, நடுவில் மரக்குற்றி ஏற்றிய லொறிகள். அந்தச் சாலையில் நடந்தவர்களுக்குப் பின்னால் நடைவேகத்தில் வண்டி ஓட்டி வந்தவர்களே, உங்களுக்கு நன்றி. நாள் முழுக்க அந்த வேகத்தில் ஓட்டுவதும் ஒரு தவம். இரவு தங்க இடம் தந்தவர்களுக்கும், சூப்பும் ரொட்டியும் மீனும் வைத்துக் காத்திருந்த ஊர்களுக்கும் நன்றி. ஒருவர் நடந்தார் என்று செய்தியில் வரும். எத்தனை பேர் பாத்திரம் கழுவினார்கள் என்று வராது. நான் சமையலறைக்காரி, எனக்கு அந்தக் கணக்குத்தான் முதலில் ஓடும்.

ஜோசப்பினுக்குப் பேர்த்தி முறையான ஓட்டம் பெல்ரியர் (Autumn Peltier) என்ற பிள்ளைக்கும் நன்றி. பழங்குடிக் கூட்டமைப்பொன்றில் ஜோசப்பின் வகித்த தலைமை நீர் ஆணையாளர் பொறுப்பை 2019இல் ஏற்றபோது அந்தப் பிள்ளைக்கு வயது பதினான்கு. அந்த வயதில் பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் இருக்கிறது. ஷோல் லேக் 40 என்ற ஓஜிப்வே ஊரின் வாசலிலிருக்கும் ஏரியிலிருந்து 1919 முதல் வினிப்பெக் நகரம் குடிநீர் எடுக்கிறது. அதே ஊர்க்காரருக்குக் குழாய் நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று 1997இல் போட்ட அறிவிப்பு நீங்கியது 2021இல். ஒன்ராறியோவின் வடக்கே நெஸ்கன்டகாவில் 1995இல் போட்டது கால் நூற்றாண்டு கடந்தும் நீங்கவில்லை. நான் ஸ்காபரோவில் போத்தல் கட்டுகள் தூக்கியது வெறும் பயத்தால். அவர்கள் தூக்கியது வேறு வழியில்லாமல்.

அக்கா ஓய்வு பெற்றுத் தீவுக்கே திரும்பிப் போனார். போகும் முன்பு அந்தச் செம்பைக் கொடுத்தேன். நசுங்கியது என்று நான் வெட்கப்பட்டதற்கு, தூக்கும்போது பெருவிரல் அங்கேதான் நன்றாகப் பதிகிறது என்றார். கேட்காமலே ஒரு சிறு பொதி புகையிலையும் தந்தார். யாரையாவது மறந்திருந்தால் மன்னியுங்கள்.