கிளை போன மாமரத்துக்கு

அன்புள்ள கயலுக்கு,

முறிந்த கிளையை ஆள் வைத்து இறக்கியது நல்லது. ஆனால் நீ அனுப்பிய படத்தில் ஒரு முழத்துக்குக் கட்டை துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை விட்டுவைக்காதே. இலையில்லாத கட்டை காய்ந்து உளுத்து, அழுகலை அடிமரத்துக்குள் கொண்டுபோகும்.

கிளை மரத்தோடு சேருமிடத்தில் பட்டை சுருங்கிக் கொஞ்சம் புடைத்திருக்கும். காயத்தை மூடும் புதுத் திசு அங்கிருந்துதான் வரும். அந்தப் புடைப்பை ஒட்டி, அதற்கு வெளியே அறுக்கச் சொல். மரத்தோடு மரமாக இழைத்துவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், புடைப்பு போய்விடும். கட்டை கனமானது. அதனால் புடைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, முதலில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வெட்டி, இன்னும் இரண்டு விரல்கடை தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, புடைப்பை ஒட்டிக் கடைசி வெட்டைப் போடட்டும். இல்லையென்றால் பட்டை கீழ்வரை கிழிந்து வரும். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் படவே கூடாது.

தார், பெயிண்ட், சிமெண்ட் எதுவும் வேண்டாம். ஈரம் அடியில் தங்கிவிடும். மழைக்காலமென்றால் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை ஒரு பூச்சு போதும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து ஒன்றாக்கு. தேய்த்த இரும்பு ஆணியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் ஏறக்கூடாது. ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றைக்கே பூசிவிடு.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தண்டுத்துளைப்பான் வண்டுதான். பட்டை இடுக்கிலும் காயத்திலும் முட்டை வைக்கும். மரத்தூள் மாதிரி சக்கை கொட்டியிருந்தால் துளையைத் தேடி, கம்பியால் புழுவைக் குத்தியெடுத்து, ஈரமண்ணால் அடைத்துவிடு.

புதிதாக வெயில் படும் மேற்குப் பக்கப் பட்டைக்கு நீர்த்த சுண்ணாம்பு அடி, இல்லாவிட்டால் வெந்து வெடிக்கும். வெட்டைச் சுற்றித் துளிர்க்கும் போத்துகளை உடனே ஒடிக்காதே. ஒரு வருஷம் நிழல் தரட்டும், பிறகு நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழி. பாரம் சமமாக இருக்க எதிர்க்கிளையையும் வெட்டுவோம் என்பார்கள், கேட்காதே. ஏற்கெனவே நிறைய இலை போயிருக்கிறது.

இந்த வருஷம் யூரியா வேண்டாம். கிளைநுனிக்கு நேர்கீழே உள்ள வட்டத்தில், நாலு விரல் ஆழம் மண் காய்ந்தபின் தண்ணீர் விடு. சருகு மூடாக்கு மூன்று அங்குலம், அடிமரத்தைத் தொடாமல்.

அடுத்த வருஷம் காயத்தின் விளிம்பு முழு வட்டமாகத் தடித்திருந்தால் வெட்டு சரி. இருபக்கம் மட்டும் தடித்திருந்தால் ரொம்ப ஒட்ட அறுத்திருக்கிறார்கள். அடிமரத்தில் காளான் முளைத்தாலோ, பிளவு கீழிறங்கினாலோ தள்ளிப்போடாதே. மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. விவரம் தெரிந்த ஆளை ஏறிப் பார்க்கச் சொல்.

அப்பா